அனுபவம் என்ற கட்டத்தில் எழுதுவது

வெள்ளிக்கிழமை அரசாங்க வர்த்தமானி வெளியாகும். ஞாயிற்றுக்கிழமை வீரகேசரியும் தினகரனும் வேலைவாய்ப்பு விளம்பரங்களோடு வரும். ஹட்டன் டவுனில் நான் நடத்திய தட்டச்சுக் கடையின் வாரம் இந்த இரண்டு நாட்களைச் சுற்றியே ஓடியது. திங்கட்கிழமை காலையில் நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பஸ்களில் வந்து இறங்கும் பிள்ளைகள் கத்தரித்த விளம்பரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வருவார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு பழைய ரெமிங்டன் மெஷினோடு தொடங்கிய வேலை இது. பிறகு கொம்பியூட்டர் வந்தது, பிரின்டர் வந்தது, இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். ஆனாலும் சுயவிபரக்கோவை எழுத வேண்டுமென்றால் பிள்ளைகள் என்னைத்தான் கேட்கிறார்கள். டைப் அடிப்பதற்கு முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது என் பழக்கம். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலமாவது கேட்பேன்.

ஆரம்ப காலத்தில் தகைமையைவிட, ஆள் யார் என்று நிரூபிப்பதே பெரும்பாடாக இருந்தது. அரசாங்க விண்ணப்பப் படிவத்தில், நீங்கள் இலங்கைப் பிரஜையா, வம்சாவளியாலா பதிவினாலா என்று ஒரு கேள்வி இருக்கும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் யோசிக்காமல் கோடு கிழித்துவிட்டுப் போகிற இடம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அங்கேயே பேனா நின்றுவிடும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளி என்று தாத்தாவை நாடற்றவராக்கியிருந்தது. 1964இல் இந்தியாவோடு கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே குடும்பத்தில் சிலரை இங்கேயே நிறுத்தி, சிலரை இராமேஸ்வரத்துக்கு அனுப்பியிருந்தது. அப்பா எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தார் என்ற விபரம் தகரப் பெட்டிக்குள் ஒரு கடதாசியில் இருக்கும். அந்தக் கடதாசியைக் கறையான் தின்றிருந்தால், பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு எவ்வளவு நன்றாக இருந்தும் படிவம் அடுத்த வரிக்கு நகராது. அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் மற்றவர்களுக்கு இருக்கிற ‘வி’ இல்லாமல், வாக்குரிமை இல்லை என்று காட்டும் ‘எக்ஸ்’ விழுந்திருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். நேர்முகப் பரீட்சையில் அட்டையை மேசைமேல் வைக்கவே அவர்களுக்குக் கை கூசும். 1988இல் வந்த சட்டமும் 2003இல் வந்த சட்டமும் அந்தப் பிரச்சினையை ஒரு வழியாகத் தீர்த்தன. இன்றைக்கு வருகிற பிள்ளைக்கு அந்தக் கதையே தெரியாது. தெரியாமல் வளர்கிற அளவுக்குக் காலம் மாறியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

பெயர்ப் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை. பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் சிங்களத்தில் எழுதிய பெயர் ஒன்று. தோட்டப் பள்ளிக்கூடத்து இடாப்பில் ஆசிரியர் தமிழில் எழுதியது இன்னொன்று. அடையாள அட்டையிலும் பரீட்சைச் சான்றிதழிலும் ஆங்கில எழுத்துக்கள் வேறு வேறு மாதிரி விழுந்திருக்கும். சிவகுமார் ஒன்றில் செவகுமாராகவும் மற்றதில் சிவகுமாரனாகவும் இருப்பார். தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் தெரியாத அலுவலர் அதையே குடும்பப் பெயராக எழுதிவிடுவார். வேலை கொடுப்பவர் இவற்றையெல்லாம் உட்கார்ந்து ஆராய மாட்டார். சான்றிதழும் அடையாள அட்டையும் ஒத்துப்போகவில்லை என்று கோப்பை ஒதுக்கிவைத்துவிடுவார். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, இந்த இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று எழுதிவாங்கி இணைப்போம். அது அவசர மருந்துதான். சாதாரண தரப் பரீட்சைக்குப் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் நிரப்புகிற நாளிலேயே பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதுதான் நிரந்தர வழி. அன்றைக்கு எழுதுகிற எழுத்துத்தான் ஆயுள் முழுக்கச் சான்றிதழில் நிற்கும். பதினோராம் ஆண்டு வகுப்புகளில் பேசக் கூப்பிட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது விலாசம். தோட்டத்துக்கு வரும் கடிதம் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வராது, தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து பிரிவுக்கு, பிரிவிலிருந்து யாராவது ஒருவர் கையில். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதம், பரீட்சை முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுத பெண்பிள்ளைகள் உண்டு. அதனால் பல வருஷம் என் கடை விலாசத்தையே ‘மேற்பார்வை’ என்று போட்டுக் கொடுத்தேன். கடிதம் வந்தால் அந்தத் தோட்டத்து பஸ் கொண்டக்டரிடம் சொல்லிவிடுவேன்.

தோட்டத்து விலாசத்தையே மறைத்து, கொழும்பில் இருக்கிற மாமா வீட்டு விலாசத்தைப் போடச் சொல்கிற பிள்ளைகளும் வருவார்கள். "ஐயா, தோட்டம்னு போட்டா கூப்பிட மாட்டாங்க." அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. தோட்டத்துப் பெயரைக் கேட்டதும் கோப்பை மூடிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் நான் மறைக்கச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரிலேயே ஊர் தெரிந்துவிடும். நேர்முகத்தில் ஒரு கேள்வியிலேயே உண்மை வெளியே வந்துவிடும். அப்போது மறைத்தவன் என்ற பேரும் சேர்ந்துகொள்ளும். பிரிவின் பெயரோடு, லய இலக்கத்தோடு முழு விலாசத்தையும் எழுதி, அதன் கீழே கடிதம் ஒழுங்காக வந்து சேரும் டவுன் விலாசத்தையும் போடுவோம். இப்போது அந்த இடத்தில் தொலைபேசி இலக்கம் நிற்கிறது. அதிலும் இதே கதைதான். அண்ணனுடைய இலக்கத்தைப் போட்டிருப்பார்கள். கம்பனியில் இருந்து அழைப்பு வந்தால் அண்ணன் எங்கேயோ வேலையில் நின்று, அப்படி யாரும் இல்லை என்று வைத்துவிடுவான். உன் கையில் இருக்கிற, அடுத்த ஆறு மாதத்துக்கு மாற்றாத இலக்கம் எது என்று கேட்ட பிறகுதான் நான் எழுதுவேன்.

விண்ணப்பத்தோடு வைக்கிற கிராம உத்தியோகத்தர் சான்றிதழுக்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். அம்பகமுவ பிரதேச செயலகம் கினிகத்தேனையில் இருக்கிறது. பொகவந்தலாவையில் இருந்தோ மஸ்கெலியாவில் இருந்தோ ஒருவர் அங்கே போய்வருவதென்றால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. நோர்வூட்டில் தனிச் செயலகம் வந்த பிறகுதான் பலருக்கு அந்த அலைச்சல் குறைந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை விண்ணப்பம் போடச் சோம்பல்படுகிறது என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். ஒரு விண்ணப்பத்துக்கு அந்தக் குடும்பம் எத்தனை பேர் இழக்கிறது என்று அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் கடைக்கு வந்த தாள்களில் அதிகமாக நான் பார்த்த ஒரு வரி, அனுபவம் என்ற கட்டத்துக்கு எதிரே எழுதப்பட்ட ‘இல்லை’.

தொண்ணூறுகளின் நடுவில் டிக்கோயாப் பக்கத்தில் இருந்து ஒரு பையன் வந்தான். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியில்லை. வத்தளைப் பக்கம் உணவுப்பொருள் பொதிசெய்யும் ஒரு நிறுவனம் ஆள் தேடியிருந்தது. தாளை நிரப்பிக்கொண்டு வந்திருந்தான். அனுபவம்: இல்லை.

"பரீட்சை முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சே தம்பி, என்ன செஞ்ச?"

"சும்மாதான் ஐயா. பெக்டரியில நின்னேன்."

"பெக்டரியில எங்க?"

"ராவுல வாட்டுற மாடியில. அப்புறம் ட்ரையர்ல."

சும்மா நின்றவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வாட்டும் தொட்டியில் கொழுந்தை எவ்வளவு கனத்துக்குப் பரப்புவாய்? மழைநாளில் ஈரக்கொழுந்து வந்தால் என்ன செய்வாய்? வாட்டம் போதும் என்று எப்படித் தெரியும்? கொழுந்தைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து விட்டால் உருண்டை மெல்ல விரிய வேண்டும், தண்டு முறியக்கூடாது என்று கையை மூடித் திறந்து காட்டினான். ட்ரையருக்குள் போகும் காற்றின் சூட்டையும் வெளியே வரும் காற்றின் சூட்டையும் பார்த்துப் புத்தகத்தில் எழுதியது அவன். தூள் நிறுத்து, சாக்கில் தரமும் இன்வொயிஸ் இலக்கமும் அடித்து, கணக்கைத் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் ஒப்படைத்ததும் அவன்தான். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை வரவேண்டும், குறைந்தால் எங்கே போனது என்று காலையில் டீமேக்கர் கேட்பார், பதில் சொல்லவேண்டும் என்றான். கணிதத்தில் சித்தியடையாத பையன் இதையெல்லாம் மனக்கணக்காகச் சொல்கிறான்.

அவன் தாளில் நான் எழுதியது இவ்வளவுதான்: தேயிலைத் தொழிற்சாலையில் மூன்று வருடம் இரவுமுறை வேலை; உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பநிலையைப் பார்த்துப் பதிதல்; தூளை நிறுத்தல், பொதிசெய்தல், தரமும் இலக்கமும் இடல்; அன்றாட நிறைக் கணக்கு ஒப்படைத்தல். அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. பொதிசெய்யும் இடத்தில் ஆள் எடுப்பவருக்கு வேண்டியது இந்த நான்கும்தான். வேலை கிடைத்தது. வருஷக்கணக்கில் அங்கேயே இருந்து மேற்பார்வையாளராக வந்தான்.

எங்கள் பிள்ளைகள் தாங்கள் செய்கிற வேலையை வேலை என்று நினைக்கப் பழகவில்லை. மாதச் சம்பளமும் நாற்காலியும் இருந்தால்தான் அது வேலை, மற்றதெல்லாம் சும்மா. தோட்டத்தில் பிறந்த எல்லோரும் செய்கிறதுதானே, அதை எழுதினால் சிரிப்பார்கள் என்று ஒரு கூச்சம். வேலை கொடுப்பவருக்கோ தோட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. சொல்லாததை அவர் ஊகித்து மதிப்புப் போடமாட்டார்.

மரணாதார சங்கத்துக்கு நாலு வருஷம் கணக்கெழுதிய பெண்பிள்ளை ஒருத்தி, கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்க வந்து அதைச் சொல்லவே இல்லை. உயர்தரத்தில் வர்த்தகம் படித்ததை மட்டும் எழுதியிருந்தாள். லயத்துக்கு லயம் போய் மாதச் சந்தா வாங்குவது, சாவு விழுந்த வீட்டுக்கு அன்றைக்கே காசை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது, வருஷக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஐந்தொகையை வாசிப்பது எல்லாம் அவள் செய்தது. நேர்முகத்துக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தையே சங்கத் தலைவரிடம் அனுமதி கேட்டு எடுத்துக்கொண்டு போ என்றேன். கொண்டுபோனாள். அவர்கள் சான்றிதழைவிட அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்ததாகத் திரும்பிவந்து சொன்னாள்.

மொழிகளைப் பற்றிய கட்டத்திலும் இதே குறைதான். சிங்களம் தெரியுமா என்றால் ‘இல்லை’ என்று எழுதுவார்கள். ஆனால் டவுன் கடையில், ஆஸ்பத்திரியில், பொலிஸில் அம்மாவுக்காகப் பேசுவது இந்தப் பிள்ளைதான். எழுத வராது என்பதால் தெரியவே தெரியாது என்று போட்டுவிடுகிறார்கள். பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று மூன்றாகப் பிரித்து, வருகிறதை வரும் என்றும் வராததை வராது என்றும் எழுதவைப்பேன். தமிழும் சிங்களமும் பேசுகிற ஒருவர் மலையகத்தில் எந்தக் கடைக்கும் வங்கிக்கும் தேவை.

கொம்பியூட்டர் வந்தபோது ஒரு புது நோய் வந்தது. டவுனுக்கு டவுன் கொமியூனிகேஷன் கடைகள் முளைத்தன. அவற்றில் ஒரு ஆங்கிலச் சுயவிபரக்கோவை தயாராக இருக்கும். பெயரையும் பிறந்த திகதியையும் மாற்றி அடித்துக் கொடுப்பார்கள். தான் மிகவும் சுறுசுறுப்பான, சவால்களை விரும்பும், தலைமைத்துவம் நிறைந்த ஆள் என்று எல்லாத் தாளிலும் ஒரே பந்தி. ஒரு நிறுவனத்துக்கு ஒரே தோட்டத்தில் இருந்து போன மூவருடைய பொழுதுபோக்கும் ஒன்றாகவே இருந்ததாம். அந்தப் பந்தியில் இருந்து ஒரு சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்டால் பிள்ளை தடுமாறிப்போகும். தனக்குத் தெரிந்ததைச் சொல்லும் தைரியமும் அத்தோடு போய்விடும். தனியார் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் எழுதத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் உன்னால் வாய்விட்டு வாசிக்க முடியாத ஒரு வரிகூட உன் தாளில் இருக்கக்கூடாது என்பது என் கடையின் சட்டம். அச்செடுத்ததும் அங்கேயே நின்று சத்தமாக வாசிக்கவேண்டும். தடக்குகிற இடத்தை எளிதாக மாற்றுவேன். அரசாங்க விண்ணப்பத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வர்த்தமானி தமிழிலும் வருகிறது, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். வரவேண்டிய இடத்தில் நம் மொழி வரட்டும். கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதுவது, பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வது மாதிரிச் சின்ன விஷயங்களில் தவறினாலும் நல்ல விண்ணப்பம் திறக்கப்படாமலே கிடக்கும்.

சிபாரிசுக் கடிதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் கட்சிக்காரரின் கடிதம் இல்லாமல் வேலை இல்லை என்ற நம்பிக்கை மலை முழுக்க இருந்தது, அதில் உண்மையும் இருந்தது. கடிதத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள், அந்த நேரத்தில் ஒரு பயிற்சியை முடித்திருக்கலாம். தனியார் நிறுவனங்கள் கேட்பது வேறு. உறவினர் அல்லாத இரண்டு பேர், அழைத்தால் உன்னைப் பற்றிப் பேசக்கூடியவர்கள். பிள்ளைகள் அதிபரின் பெயரைப் போட்டுவிட்டு அவரிடம் சொல்லக்கூட மாட்டார்கள். அழைப்பு வரும்போது ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்த அதிபருக்கு எப்படி நினைவு வரும்? நேரில் போய் விபரக்கோவையின் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் பெயர் போட வேண்டும். பெரிய ஆளைவிட, உன் வேலையைக் கண்ணால் பார்த்த டீமேக்கரோ தோட்டத்துக் கண்டக்டரோ பேசுவது மேல்.

என் காலத்தில் வந்த மாற்றங்களில் நான் மனசார வரவேற்றது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். ஒன்று முதல் ஏழு வரை மட்டங்கள், நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பயிற்சி நிலையத்தில் படித்தவர்களுக்கு மட்டுமல்லாமல், வேலையிலேயே கற்றவர்களுக்கும் முன்கற்றலை மதிப்பிட்டு இந்தச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. கொட்டகலைப் பக்கத்து மேசன் பாஸ் ஒருவருக்கு இதற்கான கோப்பை நாங்கள் சேர்த்தோம். இருபது வருஷத்துக்கு மேல் கல் வைத்தவர், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவர். கட்டிய சுவர், படிக்கட்டு, மலசலகூடம், கோயில் மதில் எல்லாவற்றையும் மகளின் போனில் படமெடுத்துவரச் சொன்னேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எந்த இடம், எந்த வருஷம், யாருக்காக என்று எழுதினோம். வீட்டுக்காரர்களிடம் இரண்டு வரி கையெழுத்தும் வாங்கினோம். மதிப்பீட்டாளர்கள் நேரில் வேலை செய்யச் சொல்லிப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். மூன்றாம் மட்டச் சான்றிதழ் வந்தது. அதை வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்குத்தான் வந்தார், இரண்டு பிரதி எடுக்க. கட்டாருக்குப் போனபோது உதவியாளாகப் போகாமல் மேசனாகவே போனார்.

தோட்டத்தில் பதிந்து வேலை செய்தவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக் கூற்று ஒரு நல்ல ஆதாரம். எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை, யாரிடம் வேலை செய்தார் என்பதை அதைவிட உறுதியாகச் சொல்லும் கடதாசி வேறு கிடையாது. காசு எடுக்கும்போது மட்டும் நினைக்கிற அந்தத் துண்டைக் கோப்பில் வையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். மூலச் சான்றிதழை மட்டும் எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். உறுதிப்படுத்திய பிரதி போதும். மூலப் பிரதியையும் கடவுச்சீட்டையும் வாங்கிவைத்துக்கொண்டு காசு கேட்ட ஏஜென்டுகளிடம் மாட்டியவர்களை எனக்குத் தெரியும். வெளிநாடென்றால், வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தை முதலில் கேட்டு, பணியகத்திலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது விண்ணப்பம் போனில் போகிறது. தபால் பிந்துகிற கவலை இல்லை. ஆனால் விபரக்கோவையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், பாதிப் பக்கம் நிழல் விழுந்திருக்கும். மின்னஞ்சல் முகவரியில் சினிமாக் கதாநாயகனின் பெயர் இருக்கும். மகன் அதையெல்லாம் திருத்திக் கொடுக்கிறான். சொந்தப் பெயரில் ஒரு முகவரி, ஒரே பக்கம், ஒரே கோப்பு, கோப்புக்கும் அவர்கள் பெயர். அவன் வேலை அது. என் வேலை பழையதுதான்.

போன கிழமை லிந்துலைப் பக்கத்தில் இருந்து ஒரு தாயார் வந்தார். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர். முழங்கால் வலியால் இப்போது ஏற்றம் ஏற முடியவில்லை. நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையலறைக்கு ஆள் வேண்டுமாம். மகள் தாளை எழுதிக் கொடுத்திருந்தாள். அனுபவம் என்ற இடத்தில் அதே சொல்.

"பள்ளிக்கூடத்துக்குச் சமைச்சுக் குடுத்தியே அக்கா, அத ஏன் எழுதல?" என்று துணைக்கு வந்த தங்கச்சிதான் ஞாபகப்படுத்தினார். "அது நம்ம புள்ளைங்களுக்குத்தானே" என்றார் தாயார்.

பாடசாலைப் போசாக்கு உணவுத் திட்டத்தில் இரண்டு வருஷம், காலை ஆறு மணிக்குள் எண்பது பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் கீரையும் முட்டையும். சாமானின் விலைப் பட்டியலை அவரே எழுதியிருக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்த சமையலறை. எல்லாவற்றையும் ஐந்து வரியில் எழுதி, அதிபரிடம் ஒரு கடிதமும் கேட்டிருக்கிறோம். நேர்முகம் அடுத்த புதன்கிழமை. விடுதி மனேஜர் சிங்களம் பேசுபவராம். அதனால் எண்பது பேருக்கான அளவுகளைத் தாயார் சிங்களத்தில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார். அரிசியில் இருந்து தொடங்கியிருக்கிறோம், இன்னும் மரக்கறி வகைகள் பாக்கி.